யாரிடம் சொன்னால் செல்லும்?

பிரவீன்,

உன் செய்தியும் அதோடு நீ அனுப்பியிருந்த வீடியோவும் வந்து சேர்ந்தன. கடலோரத்தில் வெள்ளை வெள்ளையாகக் கட்டடங்கள், சைக்கிளில் போகிற இளவயதுக்காரர்கள், மரத்தடியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிற ஒரு பெண். அந்தத் தீவில் ஒரு கம்பெனி ஊரையே கட்டியிருக்கிறது, அங்கே அரசாங்கம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, தேர்தல் கிடையாது, உள்ளே வருகிறவர்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் போதும், பிடிக்காவிட்டால் கிளம்பிவிடலாம் என்று எழுதியிருந்தாய். அடுத்த மாதம் அங்கே குடிபோகிறாய். கடைசியில், 'உங்க ஆசீர்வாதம் வேணும்ப்பா' என்று இருந்தது. உன் அம்மா இருந்திருந்தால் போனிலேயே ஜெபம் பண்ணி அனுப்பியிருப்பாள். எனக்கு அது வராது. ஆயுள் முழுக்கக் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக அடுத்தவர்களின் வழக்குகளை எழுதிக்கொண்டிருந்தவன். எனக்கு எழுதத்தான் வரும்.

தமிழில் எழுதுகிறேன். மைசூரில் வளர்ந்த பிள்ளை நீ. உனக்குத் தமிழ் வீட்டுக்குள் பேசுகிற பாஷை, கன்னடம் தெருவில் பேசுகிற பாஷை. சர்ச் பாட்டுப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்ததோடு தமிழ்ப் படிப்பு நின்றுவிட்டது. போனைக் காட்டினால் அதுவே வாசித்துவிடும் என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். இந்தக் கடிதத்தை மட்டும் அதனிடம் கொடுக்காதே. நேரமானாலும் பரவாயில்லை, நீயே படி. உன்னைப் போலவே நினைக்கிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களைப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் பட்டாலும் படட்டும் என்றுதான் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

உன் கொள்கை எங்கிருந்து வந்தது என்று உன் நண்பர்கள் கேட்டால் நீ ஏதேதோ புத்தகங்களைச் சொல்லுவாய். எனக்குத் தெரியும், அது ஒரு வேனிலிருந்து வந்தது. இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில் நீயும் உன் கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு பழைய வேன் வாங்கினீர்கள். நம் பக்கத்திலிருந்து உங்கள் கல்லூரிக்கு ஒழுங்கான பஸ் இல்லை; வந்தாலும் படியில் தொங்கிக்கொண்டுதான் போக வேண்டும். நீங்கள் காலையிலும் மாலையிலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனீர்கள். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் நம் வீடு தேடி வந்து நன்றி சொன்னார்கள். பிறகு ஒருநாள் வழியில் ஓர் அதிகாரி நிறுத்தினார். சொந்த உபயோக வண்டியில் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றியது குற்றம் என்றார். சட்டப்படி அது சரிதான். வேன் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்துக்குள் போனது.

அதற்குப் பிறகு நடந்ததை நீ எண்ணி எண்ணி வைத்திருப்பாய். வாய்தா மேல் வாய்தா. ஒருநாள் அதிகாரி வரவில்லை, ஒருநாள் மாஜிஸ்திரேட் விடுப்பு, ஒருநாள் வழக்குக் கட்டு கிடைக்கவில்லை. உன் வழக்கு நடந்த ஹாலுக்குப் பக்கத்து ஹாலில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். ஊரார் பெயரையெல்லாம் கூப்பிட்டு அடுத்த தேதி சொல்லுகிற என்னால் என் மகனின் தேதியை ஒருநாள் முன்னால் நகர்த்த முடியவில்லை. நான் யாரிடமும் சிபாரிசுக்குப் போகவில்லை என்று நீ இன்றும் நினைத்துக்கொண்டிருக்கலாம். போனேன். கேட்கக் கூடாதவர்களிடமெல்லாம் கேட்டேன். எல்லாரும் டீ வாங்கிக் கொடுத்தார்கள், ஒன்றும் நகரவில்லை. வண்டியை விடுவித்தபோது சீட்டுகளை எலி தின்றிருந்தது, அடியில் இருந்து ஒரு எருக்கஞ்செடி முளைத்துக் கதவுக்குள் தலை நீட்டியிருந்தது. எடைக்குப் போட்டோம். திரும்பி வரும்போது நீ சொன்னாய்: "இனிமே வாழ்க்கைல யார்கிட்டயும் பர்மிஷன் கேக்க மாட்டேன்ப்பா." உன் அம்மா ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து வந்து அதைக் கேட்டாள். நீ உள்ளே போன பிறகு என்னிடம், "கோவமாத்தான் பேசறான். ஆற விடுங்க. ஆறாம உள்ள உறைஞ்சிட்டா அப்புறம் எடுக்க முடியாது" என்றாள். நான் ஆற வைக்க எதுவும் செய்யவில்லை. என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை. உன் பக்கம் நியாயம் இருந்தது.

ஓட்டைப் பற்றியும் நாம் நிறையச் சண்டை போட்டிருக்கிறோம். லட்சக்கணக்கான ஓட்டில் என் ஒரு ஓட்டு எதை மாற்றிவிடும், கடையில் சோப்பு வாங்கும்போது எனக்கு இருக்கிற அதிகாரம்கூட பூத்தில் இல்லை என்பாய். அரசு ஊழியன் என்பதால் எனக்குத் தேர்தல் வேலை வந்துகொண்டே இருக்கும். சாமராஜநகரில் ஓட்டு மெஷினை வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறி, மலையும் காடுமாகப் போய், பள்ளிக்கூடத்துத் தரையில் படுத்து எழுந்து, விடிந்ததும் ஜனங்களின் விரலில் மை வைப்பேன். ஒரு தடவை கோபிநத்தத்துப் பக்கம் போட்டார்கள். அங்கே எல்லாரும் தமிழ் பேசுகிறவர்கள். என்னைக் கண்டதும் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். வெயிலில் வரிசை நின்றது. தாங்கள் கேட்ட ரோடு வரவில்லை, ஆஸ்பத்திரி வரவில்லை, யானை வந்து அழித்த பயிருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று எங்களிடமே சொல்லிவிட்டு, அதே கையை நீட்டி மை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அவர்கள் முட்டாள்கள் என்று நீ சொன்னாய். நான் அப்போது கோபப்பட்டேன். இப்போது அந்தக் கோபமும் இல்லை. நான் மை வைத்த எந்தத் தேர்தலாலும் அந்த ஊருக்கு எதுவும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அந்த ஊரிலிருந்து வந்தவள்தான் செல்வி. உனக்கு அவளைத் தெரியும், ஆனால் நீ தெரிந்துகொண்டது போதாது. அம்மாவின் கடைசி மாதங்களில் நீ வெளிநாட்டிலிருந்து வந்து போன நாட்களில், பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணாக அவளைப் பார்த்திருப்பாய். அம்மாவைத் தூக்கி உட்கார வைத்துக் குளிப்பாட்டியதும் அவள்தான். பிறருக்கு அதையே செய்து சம்பாதித்த உன் அம்மாவுக்குத் தனக்கு ஒருத்தி செய்வது கூச்சமாக இருந்தது. செல்வி, "நீங்க எத்தன பேருக்குச் செஞ்சிருப்பீங்க, அதுல ஒண்ண நான் திருப்பித் தர்றனுங்க" என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தாள். அவள் புருஷன் பெயின்ட் வேலைக்காரன்; சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு வீட்டிலேயே கிடந்தான். நம் லேஅவுட்டில் பல வீடுகளில் அவள் வேலை செய்துதான் அந்தக் குடும்பம் ஓடியது.

இரண்டு வருஷத்துக்கு முன் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, பூங்காவில் அசோசியேஷன்காரர்கள் கூட்டம் போட்டு உன்னைப் பேசச் சொன்னார்கள். லேஅவுட் வாசல் கேட்டுக்கு எந்த மாதிரி ஏற்பாடு வைக்கலாம் என்று கேட்டார்கள். நீ எழுந்து நின்று கன்னடத்தில் அவ்வளவு அழகாகப் பேசினாய். போலீசை நம்பிப் பிரயோஜனம் இல்லை, நம் பாதுகாப்பை நாமே ஏற்பாடு செய்துகொள்ளலாம், கேமரா முகத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கும், வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி வீட்டுக்காரர்கள் போனில் ஒரு செயலி வழியாகத் தங்கள் கருத்தைப் போடலாம், நல்லவர்களுக்கு நல்ல பெயர் தானாகக் கூடும், கெட்டவர்கள் தானாக விலகிப்போவார்கள், யாரும் யாரையும் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள். தலைவர் நாகராஜப்பா, ரிட்டையர்டு இன்ஜினியர், என் தோளைத் தட்டி, "நிம்ம மக ஷார்ப்பு சார்" என்றார், உங்கள் பையன் படு கெட்டிக்காரன் என்று. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கேட்டில் கறுப்புப் பெட்டி வந்தது. செல்வியும் மற்ற பெண்களும் அதன் முன்னால் ஒவ்வொருவராக நின்று முகத்தைக் காட்டினார்கள். முதல் நாள் அவள் பொட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள், போட்டோ எடுக்கிறார்கள் என்று நினைத்து.

போன வருஷம் மழை ஆரம்பித்த சமயம். பின்தெரு வீட்டில் ஒரு தங்க வளையல் காணாமல் போனது. அந்த வீட்டம்மா கெட்டவர் இல்லை. அது அவருடைய அம்மா போட்டிருந்த வளையல். போனதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் செல்வியும், சமையல்காரம்மாவும், ஏசி ரிப்பேருக்கு வந்த ஓர் ஆளும். யார் மேலும் அவர் புகார் கொடுக்கவில்லை. ஏழைப் பெண்ணைப் போலீசில் மாட்டிவிட வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அந்தச் செயலியில் செல்வியின் படத்துக்குக் கீழே ஒரு வார்த்தை போட்டார். அவ்வளவுதான். மறுநாள் காலை செல்வி கேட்டில் முகத்தைக் காட்டியபோது பச்சைக்குப் பதில் சிவப்பு எரிந்தது.

காவலாளி மாதேவன் எனக்குப் போன் பண்ணினான். நான் கேட்டுக்குப் போனேன். செல்வி மழையில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"திற மாதேவா. என் வீட்டுக்கு வர்றவ. நான்தான் கூப்பிடறேன்."

"நன்ன கைல ஏனூ இல்ல சார். நான் அமுக்கினாலும் தொறக்காது. ரெட் வந்தா லாக் ஆயிடும்."

"யாரு ரெட் போட்டது?"

"அது எனக்குக் காட்டாது சார்."

செல்வி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மெசினு ரிப்பேருங்களா சார்?" என்றாள். ஆமாம் என்று சொல்லி அனுப்பினேன். அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விஷயம் தெரிந்ததும் அந்த வீட்டம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் அழுதுவிட்டார். "நான் திருடின்னு எழுதலையே அங்கிள். ஜாக்கிரதைன்னுதான் எழுதினேன். மத்தவங்க ஜாக்கிரதையா இருக்கணும்னு சொல்றது தப்பா?" என்றார். எடுத்துவிடுங்கள் என்றேன். வளையல் கிடைக்கிறவரை எப்படி எடுப்பது, மனசாட்சிக்கு விரோதமில்லையா என்றார். அவர் பேசியதில் ஒரு பொய்யும் இல்லை. அதற்குள் மற்ற வீடுகளும் அவளை நிறுத்திவிட்டன. ரிங் ரோடு பக்கத்து லேஅவுட்களில் வேலை தேடினாள். அங்கேயும் அதே பெட்டி, அதே படம், அதே சிவப்பு.

அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன். நினைவிருக்கிறதா? நீ வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாய்.

"கேட்ல பெட்டி வச்ச கம்பெனில உனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்கன்னு சொன்னியே, ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்" என்றேன்.

"அப்பா, அதுல யாரும் கை வைக்க முடியாது. வச்சா அப்புறம் எல்லாருக்கும் சிபாரிசுதான். நம்ம ஊர் ஆபீஸ் மாதிரி ஆயிடும்."

"அவ பக்கத்தைக் கேக்க ஒரு வழி வேணாமா?"

"அது கோர்ட் இல்லப்பா. அவங்கவங்க வீட்டுக்குள்ள யாரை விடறதுன்னு அவங்கவங்க முடிவு பண்றாங்க. உங்க வீட்டுக்கு யார் வரணும்னு அரசாங்கம் சொன்னா நீங்க ஒத்துக்குவீங்களா?"

நீயே மறுபடி சொன்னாய்: "ஒண்ணு யோசிங்கப்பா. இந்தச் செயலி இல்லேன்னா அந்தம்மா போலீசுக்குத்தான் போயிருப்பாங்க. ஸ்டேஷன்ல என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாததா? அடிச்சிருப்பாங்க. இப்ப யாரும் அவளைத் தொடக்கூட இல்ல."

கோர்ட்டில் வந்து நின்றவர்களின் உடம்பை நான் பார்த்திருக்கிறேன். கால் வீங்கி, நிற்க முடியாமல், மாஜிஸ்திரேட் 'யாராவது அடித்தார்களா' என்று கேட்கும்போது பக்கத்தில் நிற்கிற போலீஸ்காரரைப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று சொன்னவர்களை எழுதியவன் நான். நீ சொன்னது உண்மை. அவளை யாரும் தொடவில்லை.

நீ சொன்னதைச் செல்வியிடமும் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். "அடிச்சிருந்தாக்கூட பரவால்லீங்க சார். அடிக்கறவன் எடுத்தியாடின்னு கேட்டுட்டுத்தான அடிப்பான்? இல்லீங்கன்னு சொல்லியிருப்பன்ல? இவுங்க யாருமே எங்கிட்டக் கேக்கலீங்களே" என்றாள்.

அதைக் கேட்ட பிறகுதான் அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர், என்னை அடையாளம் தெரிந்து நாற்காலி போட்டார். செல்வியையும் உட்காரச் சொன்னார். முழுதும் கேட்டுவிட்டு, "புகார் இல்ல. எஃப்ஐஆர் இல்ல. நான் யாரை விசாரிக்கறது சார்? இவங்க மேல குத்தமே இல்லையே" என்றார். குற்றம் இல்லை என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்றேன். "குத்தம் சாட்டாதவங்களுக்கு எப்படி சார் எழுதறது?" என்றார். பிறகு எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலைப் பார்த்தோம். மானநஷ்ட வழக்குப் போடலாம் என்றார். போட்டால் எப்போது முடியும் என்று அவள் கேட்டாள். வக்கீல் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். உன் வேன் வழக்கு நடந்த அதே கட்டடத்துக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு போய், அடுத்த தேதி அடுத்த தேதி என்று அவளை நரைக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக மிஞ்சியது ஓட்டு. அசோசியேஷன் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். யார் மேலாவது சிவப்புப் போடுவதற்கு முன் அந்த ஆளைக் கூப்பிட்டு ஒரு தடவை கேட்க வேண்டும். அவ்வளவுதான். வளையலை யார் எடுத்தார்கள் என்று நான் பேசவே இல்லை. வீடு வீடாகப் போனேன். முட்டி வலியோடு படியேறி எல்லாரிடமும் சொன்னேன். காபி கொடுத்தார்கள், நியாயம்தான் என்றார்கள். கூட்டத்தில் நாகராஜப்பா எழுந்தார். "நோடி சார், உங்க மேல எங்களுக்கு மரியாதை இருக்கு. ஆனா இது சர்க்கார் இல்ல, நம்ம சொந்த இடம். நம்ம வாசலுக்குள்ள யாரை விடறதுன்னு நமக்கு உரிமை இல்லையா? பிடிக்கலேன்னா அவங்க வேற இடத்துல வேலை பாக்கட்டுமே. யாரையும் நாம பிடிச்சு வைக்கலையே?" என்றார். பேசியது அவர், என் காதில் விழுந்தது உன் குரல். அதே வாதம், அதே வரிசை.

போனில் ஓட்டுப் போட்டார்கள். ஒரு மனைக்கு ஓர் ஓட்டு. வாடகைக்கு இருப்பவர்களுக்கு இல்லை. வாசலைக் கூட்டுகிறவர்களுக்கும், கேட்டைத் திறக்கிறவனுக்கும் இல்லவே இல்லை. முடிவு புரொஜக்டரிலிருந்து சுவரின் மேல் ஒரு வட்டப் படமாக விழுந்தது. என் பக்கத்துக்கு ஓர் ஒல்லியான கீற்று, மீதி முழுக்க அவர்கள் பக்கம். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒவ்வொருவராக என் கையைப் பிடித்து, "நான் உங்களுக்குத்தான் சார் போட்டேன்" என்று காதோடு சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் எனக்கு விழுந்த ஓட்டைவிட அதிகம் இருப்பார்கள்.

ஒன்று உன்னிடம் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். செல்வி அந்த வளையலை எடுத்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எடுக்கவில்லை என்று நம்புகிறேன். உன் அம்மாவின் கழுத்துச் சங்கிலியை எத்தனையோ தடவை அவளே கழற்றித் துடைத்து மறுபடி மாட்டியிருக்கிறாள். ஆனால் அவள் புருஷன் படுக்கையில் கிடந்தான், வீட்டில் கஷ்டம் இருந்தது, அதுவும் எனக்குத் தெரியும். சில நாள் காலையில் காபி போடும்போது, ஒருவேளை எடுத்திருப்பாளோ என்று எனக்கே ஓடும். உடனே வெட்கமாக இருக்கும். என் நம்பிக்கை சாட்சியாகாது, என் சந்தேகமும் சாட்சியாகாது. அதைச் சொல்ல ஓர் இடம் வேண்டும், மறுத்துப் பேச ஓர் இடம் வேண்டும். அதற்குத்தான் ஜனங்கள் சட்டம் என்று ஒன்றை உண்டாக்கினார்கள் என்று நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் நினைத்தேன். அந்த இடத்தில்தான் உன் வேன் துருப்பிடித்தது. நீ வேறு இடம் தேடினாய். உன் இடத்தில் கேள்வியே கிடையாது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஏதாவது இருக்கும் என்று என் வயதில் நம்ப முடியவில்லை. இருந்தால் இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது கண்ணில் பட்டிருக்கும்.

போன மாதம் செல்வி என்னைப் பார்க்க வந்தாள். உள்ளே வர முடியாதே, போன் பண்ணினாள். நான் வெளியே போனேன். கேட்டுக்கு எதிர்த்தாற்போல் இருக்கிற டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் என் பக்கத்தில் உட்கார மறுத்தாள். நான் வற்புறுத்தியதும் ஓரமாக உட்கார்ந்தாள். கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை கிடைத்திருக்கிறது, புருஷனையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள்.

"ஊருக்கே போயிடலாமே செல்வி?"

"ஊருல என்னங்க சார் இருக்குது? காட்டோரம். ஆடு மேய்க்கவும் வுடமாட்டாங்க, வெறகு எடுக்கவும் வுடமாட்டாங்க. மில்லுலயும் மொகத்தப் புடிக்கற பொட்டி வச்சிருக்காங்களாமா. அங்கயும் செவப்பு வந்துருமோன்னுதான் ரோசனையா இருக்குது."

வராது, அது வேறு கம்பெனி என்றேன். எனக்குத் தெரியாமல்தான் சொன்னேன். அவள் தலையாட்டினாள், நம்பியதாகத் தெரியவில்லை. டீ குடித்து முடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு வந்தாள். கிளம்புவாள் என்று நினைத்தேன். நின்றுகொண்டே கேட்டாள்.

"சார், நீங்க கோர்ட்டுலயே இருந்தவங்க. உங்களுக்குத் தெரியாதது இல்லீங்க. நான் அத எடுக்கலீங்க. இத நான் யாருகிட்டச் சொன்னாச் செல்லுமுங்க?"

உனக்கு ஓட்டு வந்த வயசிலிருந்து நீ என்னைக் கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் ஏதோ ஒரு பதில் சொல்லியிருக்கிறேன், தப்பாகவாவது. அவளுக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. போலீசில் செல்லாது, குற்றம் சாட்டப்படவில்லை. கோர்ட்டில் செல்லும், ஆனால் செல்கிற நாளில் அவள் இருக்க மாட்டாள். அசோசியேஷனில் செல்லாது, அவளுக்கு மனை இல்லை. பெட்டிக் கம்பெனிக்குப் போன் பண்ணினால் மனுஷக் குரலே கிடையாது. சட்டமன்றத்துக்கு ஆள் அனுப்ப அவளுக்கு ஓட்டு உண்டு, இந்தக் கேட்டுக்கு இல்லை. "எங்கிட்டச் சொல்லிட்டியேம்மா, எனக்குச் செல்லும்" என்று சொல்லியிருக்கலாம். அதைக்கூட முழு மனதோடு சொல்ல முடியாத ஒரு துளி சந்தேகம் எனக்குள் கிடந்தது. அவள் அதைப் பார்த்திருப்பாள். "சரிங்க சார், ஒடம்பப் பாத்துக்கோங்க. மாத்திரைய மறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். நான் திரும்பி வந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் கேட் பச்சை காட்டித் திறந்தது.

நீ போக வேண்டாம் என்று நான் எழுத வரவில்லை. இங்கேயே திரும்பி வந்துவிடு, இது நல்ல இடம் என்று உன்னிடம் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? போய் வா. உடம்பை நன்றாக வைத்துக்கொள். தண்ணீர் எப்படி இருக்குமோ, காய்ச்சிக் குடி. உனக்கு அங்கே கெடுதல் வரக் கூடாது என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன், ஆசீர்வாதம் என்று கேட்டாயே, அது இதுதான். ஒன்று மட்டும் செய். நீ கையெழுத்துப் போடும்போது உன்னைப் போலவே படித்தவர்கள் எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கேயும் தரை துடைக்கிறவர்கள், சமைக்கிறவர்கள் யாராவது வெளியிலிருந்து வந்துதான் ஆக வேண்டும். அவர்களில் ஒருத்தி மேல் தப்பாக ஒரு வார்த்தை விழுந்தால், நான் செய்யவில்லை என்று அவள் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவர்களைக் கேள். சிரிப்பார்கள். சிரித்தாலும் கேள். பதில் கிடைத்தால் எனக்கு எழுது. கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். செல்வியின் எண்ணை நேற்றுக் கூப்பிட்டுப் பார்த்தேன், உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. ஆனாலும் எழுது.

அப்பா